ஈக்கூண்டு: இரண்டு மாம்பழப் பருவம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

ஈக்கூண்டு என்பது, விழுந்த பழத்தைப் பொறுக்கி உள்ளே போட்டு, அதிலிருந்து கிளம்பும் பழ ஈ வெளியே வராமல் அடைத்து வைக்கிற ஒரு வலைக் கூடாரம். அதை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு பழ மரமாவது இருந்து, தினமும் காலையில் குனிந்து பொறுக்க ஒரு ஆளும் இருந்தால் வாங்குங்கள். பொறுக்க ஆளில்லை என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு சனிக்கிழமை சந்தையில் நல்ல மாம்பழமாகவே வாங்கிச் சாப்பிடலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

நான் காரைக்கால் பெண். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது, சேன்-பியேரில் இருக்கிறோம். முற்றத்தில் ஒரு ழோசே மாமரம், ஒரு அமெரிக்கேன் மாமரம், கொய்யா, எலுமிச்சை, அப்புறம் நாம் இல்லாமல் இருக்க முடியாத கறிவேப்பிலையும் முருங்கையும். இந்த வீட்டை நாங்கள் எடுத்ததே அந்த ழோசே மரத்துக்காகத்தான் என்று சொல்லலாம், பழம் சின்னதுதான், ஆனால் பழுக்கும்போது அடிக்கிற வாசனை தெருவரைக்கும் போகும். முதல் டிசம்பரில் ஆசையாக ஒரு பழத்தை எடுத்துக் கத்தி வைத்தேன், கொட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புழு, தட்டில் விழுந்ததும் வில் மாதிரி வளைந்து துள்ளியது. மேலே பார்த்தால் தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். பத்துப் பழம் வெட்டினால் ஆறு ஏழில் இதே கதை. மரம் நிறைய காய்த்துத் தொங்கும்போது அதைச் சாப்பிட முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்பது மரம் வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழ ஈ இந்தத் தீவில் புதிது இல்லை. ஆனால் 2017-இல் ஆசியப் பழ ஈ, அதாவது பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ், இங்கே நுழைந்த பிறகு எல்லாருடைய முற்றத்திலும் நிலைமை மோசமானது. நம்ம ஊர் மாந்தோப்புகளில் இருக்கிற அதே ஈதான். பெண் ஈ பழத்தின் தோலுக்கு அடியில் முட்டை வைக்கும், ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும், பழம் கீழே விழும், புழு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் புது ஈ மண்ணிலிருந்து கிளம்பி அடுத்த பழத்தைத் தேடிப் போகும். ஒரு ஈ தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டை வைக்கக் கூடியது. ஆக, மரத்தடியில் நாம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு அழுகல் மாம்பழம் அடுத்த மாத ஈக்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

மருந்து அடிக்கலாமே என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். இது பிரான்சின் சட்டம் நடக்கிற இடம். 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர்கள் ரசாயனப் பூச்சிக்கொல்லி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. லபே சட்டம் என்பார்கள். உயிரியல் முறையிலானவையும் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டவையும்தான் கடையில் கிடைக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற முற்றம். அதோடு, புழு இருப்பது பழத்துக்குள்ளே, தோலுக்கு மேலே எதை அடித்து என்ன பயன்?

சரி, கூண்டுக்கு வருகிறேன். பிரெஞ்சில் இதற்கு ஓக்மாந்தோரியம் என்று பெயர், என் பெரியவன் ஈக்கூண்டு என்று பெயர் வைத்தான், எங்கள் வீட்டில் அதுவே நின்றுவிட்டது. பார்க்க ஒரு சின்னக் கூடாரம். மேலே மிக மெல்லிய கண் உள்ள வலை, பக்கங்களில் கெட்டித் துணி, பழம் போட ஜிப் வைத்த ஒரு வாய், கீழே மண்ணில் புதைக்க ஒரு சாண் அகலத்துக்கு மடிப்பு. விழுந்த பழம், ஈ குத்திய பழம் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே புழு மண்ணுக்குப் போகும், ஈயாகும், ஆனால் வெளியே வர முடியாது, அப்படியே செத்துப்போகும். இதுவரைக்கும் சொன்னால் ஒரு மூடிய குப்பைத்தொட்டி போதுமே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விஷயம் அந்த மேல் வலையில் இருக்கிறது. பழ ஈயின் முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையை வைக்கிற ஒரு சின்னக் குளவி உண்டு, ஃபோப்பியஸ் அரிசானஸ் என்று பெயர், மெல்லிசாக இருக்கும், நம்மைக் கொட்டாது. 2000-களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து கொண்டுவந்து இந்தத் தீவில் விட்டார்கள். ஈப்புழு வளர்ந்து கூடு கட்டுகிற வரைக்கும் இதுவும் உள்ளே சாதுவாக இருக்கும், கடைசியில் அந்தக் கூட்டிலிருந்து ஈக்குப் பதில் குளவி வெளியே வரும். கூண்டின் வலைக்கண் ஈ நுழைய முடியாத அளவுக்குச் சின்னது, குளவி நுழைந்து போகிற அளவுக்குப் பெரியது. ஆக, ஈ உள்ளேயே கிடந்து சாகும், குளவி பறந்து திரும்ப உங்கள் மரத்துக்கே போகும். இதை முதன்முதலில் ஹவாயில் யோசித்துச் செய்தார்கள். இங்கே 2009-க்கும் 2011-க்கும் நடுவில் கமூர் என்ற திட்டத்தில் சௌசௌ, பூசணி, வெள்ளரி வயல்களில் காய் ஈக்களுக்கு எதிராக வைத்துப் பார்த்தார்கள், அந்த ஈக்கு வேறு குளவி, ஆனால் கூண்டு இதேதான்.

கடையில் இருந்த பையன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. எனக்கு இது தெரிந்தது லீன்-பராதியில் இருக்கிற சிராட் ஆராய்ச்சி நிலையத்தார் விவசாயிகளுக்காக எழுதிய துண்டறிக்கையைப் படித்த பிறகுதான். விற்பவர்கள் இதைச் சொல்லி விற்க வேண்டும். சொல்லாததால் நிறைய பேர் நல்லெண்ணத்தில் மேல் வலைக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிவிடுகிறார்கள், மழை உள்ளே போகக்கூடாதாம். போட்டால் குளவிக்கு வழியே இல்லை, கூண்டின் பாதி வேலை போச்சு.

2023 அக்டோபரில் வாங்கினேன், 110 யூரோ. குழாய்களைச் செருகி நிற்க வைக்க அரை மணி நேரம், அது சுலபம். கஷ்டம் இடம் பார்ப்பதில்தான். முதலில் குழாயடியில் சிமெண்டுத் தரையில் வைத்தேன், கழுவ வசதியாக இருக்குமே என்று. மறுநாள் காலையில் பார்த்தால் மடிப்புக்கு அடியில் இருந்த சின்ன இடைவெளி வழியாகப் புழுக்கள் வரிசையாக வெளியே வந்து, துள்ளித் துள்ளிச் செடித்தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மண்தரையில்தான் வைக்க வேண்டும், மடிப்பைச் சுற்றிலும் மண்ணுக்குள் நன்றாகப் புதைத்து மேலே கல் வைக்க வேண்டும். அரை நிழல் நல்லது. மாமரத்துக்கு நேர் கீழே வேண்டாம், பழம் விழுந்தே வலை கிழியும். என்னுடையது இப்போது கோழிக்கூண்டுக்கும் முருங்கைக்கும் நடுவில் நிற்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜிப் மட்டம். பழச்சாறும் மண்ணும் பட்டுப் பட்டு நான்காவது மாதத்திலேயே பல் விட்டுப்போனது. கடைக்குக் கொண்டுபோனேன், துணிக்கு உத்தரவாதம் உண்டு ஜிப்புக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜிப் திறந்தால் கூண்டே திறந்த மாதிரிதான், அதை எப்படித் தனியாகப் பிரிப்பார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கடைசியில் ஒரு பழைய பாவாடைத் துணியில் நீளமாகக் கை மாதிரி ஒன்று தைத்து வாயில் இணைத்தேன், பழத்தை அதன் வழியாக உள்ளே தள்ளிவிட்டு முடிச்சுப் போட்டுவிடுவேன். இது ஜிப்பை விட நல்லது, திறக்கும்போது ஈ முகத்தில் வந்து மோதுவதும் நின்றது. செய்கிறவர்கள் முதலிலேயே இப்படிச் செய்து கொடுத்தால் என்ன?

அப்புறம் எலி. பழம் புளித்த வாசனைக்கு வந்து ஓரத்தைக் கடித்துத் துளை போட்டது. கீழே சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கோழிவலைக் கம்பி அடித்த பிறகு வரவில்லை. எலி நடமாடுகிற இடத்தில் வெறுங்கையால் பழம் பொறுக்காதீர்கள், இந்தத் தீவில் எலிக்காய்ச்சல் உண்டு, மழைக்காலத்தில் கையுறையும் பூட்சும் போட்டுக்கொண்டே இறங்குங்கள். எறும்பும் உள்ளே போகும், அதை நான் தடுக்கவில்லை, புழுவைத் தின்று தீர்க்கிறது.

வாசனை எப்படி என்று கேட்பீர்கள். ஜனவரியில் கள்ளுக்கடை வாசனை, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆனால் பழம் வற்றிக் கரைந்து மண்ணோடு போய்விடுகிறது, பருவம் முடிந்து நான் பிரித்துப் பார்த்தபோது உள்ளே கொட்டைகளும் இரண்டு வாளி கருப்பு மண்ணும்தான் இருந்தன. அதைக் கத்தரிக்குப் போட்டேன்.

புயலுக்கு இது நிற்காது, நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜனவரி 15 பெலால் வந்தபோது முந்தின நாளே பிரித்துச் சுருட்டிக் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்தோம். மறுநாள் முற்றத்தைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். ஒரே ராத்திரியில் இரண்டு மரத்திலும் இருந்த காய், பழம் எல்லாம் தரையில். பச்சைக் காய்களைத் தெருவே சேர்ந்து பொறுக்கி ருகாய் என்கிற இந்த ஊர்க் காரத் துவையல் அரைத்தோம், நான் ஊறுகாயும் போட்டேன், மீதியைத் துருவி உறைபெட்டியில் வைத்தேன். இங்கே சித்திரை வருஷப்பிறப்பு வரும்போது மாங்காய்க்காலம் முடிந்துவிடும், பச்சடிக்கு அந்த உறைபெட்டி மாங்காய்தான். பழுத்ததை மட்டும் கூண்டில் போடலாம் என்றால் கூண்டு நிரம்பி வழிந்தது. அந்த மாதிரி நாளுக்கு இந்த அளவு பற்றாது. மிச்சத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பைகளில் கட்டி வெயிலில் பத்து நாள் போட்டேன், உள்ளே வெந்து எல்லாம் செத்துவிடும். 2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயலின்போது மாம்பழம் அநேகமாக முடிந்திருந்தது, கொய்யாவும் பக்கத்து வீட்டு அவகாடோவும்தான் விழுந்தன.

பை போதுமென்றால் கூண்டு எதற்கு என்று அம்மா போனில் கேட்டாள். அவளுக்கு இது பணத்தைக் கொட்டுகிற வேலை. “ஏன்டி, விழுந்த பழத்தைக் குழி தோண்டிப் பொதச்சா போதாதா? எங்க அப்பா அப்படித்தானே பொதப்பாரு.” போதும், ஆனால் ஒரு முழத்துக்குக் குறையாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், மேலோட்டமாக மண் தள்ளினால் ஈ மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் மண்ணில் ஒரு சாண் தோண்டினாலே எரிமலைக் கல். இன்னொன்று, புதைத்தாலும் பையில் கட்டினாலும் கோழிக்குப் போட்டாலும் ஈயும் சாகும், அதன் கூடவே குளவியும் சாகும். எனக்குக் கூண்டு பிடித்துப்போனதே இதனால்தான், நமக்கு வேலை செய்கிற உயிரை அது பிழைக்க விடுகிறது.

குளவிகள் மேல் எனக்கு இந்த நம்பிக்கை வந்தது கறிவேப்பிலையால். இங்கே அதற்குக் கலுப்பிலே என்று பெயர், கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் வாயிலிருந்து இந்தத் தீவு மக்கள் பேசுகிற கிரியோல் மொழிக்குப் போன சொல், முருங்கைக்கீரையையும் ப்ரேட் முருங்க் என்றுதான் சந்தையில் கட்டு கட்டாக விற்பார்கள். தமிழே பேசத் தெரியாத பக்கத்து வீட்டு மல்பார் பெரியவர் (தமிழ் வம்சாவளி ஆட்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), நாங்கள் தொந்தொன், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம், அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது எனக்குக் காரைக்கால் ஞாபகம் வந்துவிடும். எங்கள் கலுப்பிலேயின் கொழுந்தெல்லாம் ஒரு வருடம் சுருண்டு சுருண்டு போனது. திருப்பிப் பார்த்தால் எள்ளை விடச் சின்ன பூச்சி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிட்ரஸ் சைலிட். கறிவேப்பிலைக்கு அது தொல்லை மட்டும்தான், ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு இலை திட்டுத் திட்டாக மஞ்சளித்துக் காய் கோணிப்போகிற கொடிய நோயைப் பரப்புவது இதுதான், அந்த நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. இந்தப் பூச்சிக்கு எதிராக 1978-இல் இந்தியாவிலிருந்து டாமரிக்ஸியா ரேடியாட்டா என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து ரீயூனியனில் விட்டார்கள். நமக்கு முன்னாலேயே நம் நாட்டிலிருந்து வந்து, நம்முடைய கறிவேப்பிலைக்குக் காவல் நிற்கிறது என்று படித்த அன்றைக்கு என்னவோ மனசு நெகிழ்ந்துவிட்டது. அதற்கப்புறம் கொழுந்தில் அதிகம் கை வைப்பதில்லை, ரொம்பச் சுருண்ட நுனியை மட்டும் கிள்ளிப் பையில் கட்டிவிடுவேன், பக்கத்தில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வேன். எறும்பு ஏறினால் குளவியை நெருங்கவே விடாது.

பலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பெலால் வந்து கணக்கையே கலைத்துவிட்டது. இரண்டாவது பருவத்தில், 2024 நவம்பரிலிருந்து, ழோசே மரத்தில் பத்துப் பழம் வெட்டினால் மூன்றில் புழு இருந்தது. முன்னால் ஆறு ஏழு என்று சொன்னேனே, அதற்கு இது எனக்குப் பெரிய நிம்மதி. அமெரிக்கேன் இன்னும் சுத்தம். ஆனால் எல்லாம் கூண்டால்தான் என்று சொல்வது நியாயமில்லை. அந்த வருடம் மரத்தை நடுவில் திறந்து கவாத்து செய்தோம், முழுசாகப் பழுக்காததையும் சேர்த்துக் கொஞ்சம் முன்னாலேயே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தோம், தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்குக் கொடுக்க என்று நல்ல காயாகப் பார்த்து இருபது காய்க்குத் துணிப்பை கட்டினோம், அந்த இருபதில் ஒன்றில்கூடப் புழு இல்லை. உண்மையில் சில பழங்களை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்றால் பை கட்டுவதை விடச் சிறந்த வழி இல்லை. மரம் முழுக்க ஏணி போட்டுக் கட்ட முடியாது, அங்கேதான் கூண்டு.

கூண்டு எதைச் செய்யாது என்பதும் தெரிய வேண்டும். கொய்யாவில் மாவுப்பூச்சி வந்தால் இது உதவாது, அதற்குக் கருப்புச் சோப்பை (எண்ணெயில் செய்த குழைவான சோப்பு) தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். பூக்கும்போது மழை பெய்து மாம்பூ கருகிக் கொட்டுகிறதே, அது பூஞ்சை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காய்ந்த பூங்கொத்தையும் நோய்பட்ட கிளையையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள், வெட்டுகிற கத்தியை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது துடையுங்கள்.

எவ்வளவு பொறுக்கினாலும் புழு ஏன் முழுசாக ஒழியவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஈக்குச் சிறகு இருக்கிறது, வேலி தெரியாது. தெரு முனையில் ஒரு பெரிய நாட்டு வாதாம் மரம், இங்கே பாதமியே என்பார்கள், நிழலுக்காக வளர்ந்தது, அதன் கீழே கார் நிறுத்துவோம். அது பழம் கொட்டிக்கொண்டே இருக்கும், யாரும் சாப்பிடுவதில்லை, யாரும் பொறுக்குவதும் இல்லை. ஒரு நாள் நாலு பழத்தைப் பிய்த்துப் பார்த்தேன், மூன்றில் அதே புழு. மாம்பழம் இல்லாத மாதங்களில் ஈ எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை நான் தினமும் கார் நிறுத்துகிற இடத்திலேயே இருந்திருக்கிறது.

தொந்தொனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என்கூட வந்து, அவரும் ஒரு பழத்தைக் கத்தியால் பிளந்து பார்த்தார். அவருடைய முற்றத்தில் இரண்டு ழோசே, அவற்றில் முக்கால்வாசியை வருடா வருடம் பன்றிக்குப் போடுகிறவர். அடுத்த வாரம் அவரே ஒரு கூண்டு வாங்கிவிட்டார், நான் வாங்கின அதே ரகம், ஜிப்பைக் கழற்றிவிட்டு என் மாதிரியே துணிக்கை தைத்துத் தரச் சொன்னார், தைத்துக் கொடுத்தேன். இந்த ஆகஸ்டில் இரண்டு வீட்டு மாமரமும் நன்றாகப் பூத்திருக்கின்றன. அவர் கூண்டு இப்போது பாதமியே மரத்துக்குப் பத்தடி தள்ளி நிற்கிறது. காலையில் பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முன்னால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே ஒரு வாளி பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.